குழாய்த் தண்ணீரில் புளோரைடு: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2025இல் பல் சொத்தையைத் தடுக்கப் பொதுக் குடிநீரில் புளோரைடு சேர்ப்பதைத் தடை செய்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாம் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மியர்பேங்க் பகுதிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு: "நம் குழாயிலும் இதைத்தான் கலக்கிறார்களாம்." நீர்ச் சோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் கோவில் அன்னதான வரிசையில் நிற்கும்போதுகூட இதையே என்னிடம் கேட்கிறார்கள். நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல என்பதால் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டர்பன் குழாய்த் தண்ணீரில் புளோரைடு சேர்க்கிறார்களா?

இல்லை. டர்பனில் மட்டுமல்ல, தென்னாப்பிரிக்காவில் எந்த நகரத்தின் பொதுக் குடிநீரிலும் புளோரைடு சேர்க்கப்படுவதில்லை. நமக்கு வரும் தண்ணீரின் பெரும்பகுதி உம்கேனி ஆற்றின் மிட்மார், ஆல்பர்ட் பால்ஸ், நேகல், இனாண்டா அணைகளில் தேங்கி, டர்பன் ஹைட்ஸ், விக்கின்ஸ் போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்து சேர்கிறது. அங்கே கலங்கலைத் திரட்டிப் படிய வைக்க ஒரு மருந்தும், புளிப்புத் தன்மையைச் சரிசெய்யச் சுண்ணாம்பும், கிருமிகளைக் கொல்லக் குளோரினும் சேர்க்கிறார்கள். குளோரினும் புளோரைடும் ஒன்றென்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். குழாயைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாடை குளோரினுடையது. புளோரைடுக்கு இந்த அளவில் மணமும் இல்லை, சுவையும் இல்லை. மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே இருக்கும் புளோரைடு சிறிதளவு எந்தத் தண்ணீரிலும் கரைந்திருக்கும். மலையிலிருந்து ஓடிவரும் நம் ஆற்று நீரில் அது மிகக் குறைவு.

ஆனால் சட்டமே இருக்கிறது என்கிறார்களே?

அதுவும் உண்மைதான், குழப்பத்தின் வேரும் அதுதான். புளோரைடு சேர்க்கலாம் என்று அரசு அமைத்த மெக்கென்சி ஆணைக்குழு 1966லேயே பரிந்துரைத்தது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. 2000 செப்டம்பரில், 1977ஆம் ஆண்டின் உடல்நலச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் அரசிதழில் வெளியாயின. விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்ற எல்லா நீர் வழங்குநர்களும் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேற்படாத அளவில் புளோரைடு இருக்கும்படி செய்ய வேண்டும் என்பது அவற்றின் சாரம். விதி வந்தது, தண்ணீரில் எதுவும் வரவில்லை. செலவை யார் ஏற்பது, சிறிய நகராட்சிகளில் நாள்தோறும் அளவு பார்க்கத் தேர்ந்த ஆட்கள் எங்கே என்ற கேள்விகள் அப்படியே நின்றன. விதிகளுக்கு அடிப்படையாக இருந்த 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்குப் பின்னர் 2003ஆம் ஆண்டின் தேசிய உடல்நலச் சட்டம் வந்துவிட்டது.

அந்த 2000ஆம் ஆண்டை நம் மாகாணத்துக்காரர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். அரசிதழில் புளோரைடு விதி அச்சாவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆகஸ்டில், குவாசூலு-நட்டாலின் வட கரையோரப் பகுதியில் காலரா கிளம்பியது. அது அடங்குவதற்குள் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்துவிட்டது. குழாய்த் தண்ணீருக்குக் காசு கட்ட முடியாமல் ஏழைக் குடும்பங்கள் ஆற்று நீரை அள்ளிக் குடித்ததும் அது பரவியதற்கு ஒரு காரணம். சுத்தமான குழாயே எட்டாத வீடுகள் அத்தனை இருந்த மாகாணத்தில், குழாய் உள்ளவர்களின் பல்லுக்கு எதைச் சேர்ப்பது என்ற விவாதம் பின்னுக்குப் போனதில் எனக்கு வியப்பில்லை.

புளோரைடு பல்லுக்கு என்னதான் செய்கிறது?

நாம் இனிப்பான எதையும் சாப்பிட்ட சில நிமிடங்களில், பல்லின் மேல் படிந்துள்ள கிருமிகள் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. வாய்க்குள் அமில கார அளவு (pH; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலுறையான எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. பிறகு உமிழ்நீர் ஊறி அமிலத்தைத் தணிக்கும்போது, கரைந்த உப்புகளில் ஒரு பகுதி மீண்டும் பல்லில் போய் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கரைதலும் ஒட்டுதலும் நாள் முழுவதும் நடக்கின்றன. கரைவது மிஞ்சினால் சொத்தை. உமிழ்நீரில் சிறிதளவு புளோரைடு இருந்தால், மீண்டும் ஒட்டும் படிகத்துக்குள் அதுவும் சேர்ந்துவிடுகிறது. அப்படி உருவாகும் படிகம் 4.5 வரைக்கும் கரையாமல் தாக்குப்பிடிக்கும்.

இதிலிருந்து ஒன்று புரியும். புளோரைடு பல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டுதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது, வயிற்றுக்குள் போய் அல்ல. தொடக்க காலத்தில் அறிஞர்கள் இதை வேறுவிதமாக நினைத்தார்கள்: பல் முளைப்பதற்கு முன்பே, விழுங்கிய புளோரைடு பல்லுக்குள் கலந்து அதை உறுதியாக்குகிறது என்பது அவர்கள் கருத்து. அந்தக் கருத்து தளர்ந்ததுதான், பற்பசை இருக்கும்போது தண்ணீரில் எதற்கு என்ற கேள்விக்கு வலுச் சேர்த்தது.

தண்ணீரில் சேர்க்கும் யோசனை எங்கிருந்து வந்தது?

கறை படிந்த பல்லிலிருந்து. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்த பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறைகள் இருப்பதையும், ஆனால் சொத்தை குறைவாக இருப்பதையும் கண்டார். கறைக்குக் காரணம் தண்ணீரிலுள்ள புளோரைடு என்பது 1931இல்தான், ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலர் சர்ச்சிலின் சோதனையில் தெரிந்தது. கறை விழாமலும் சொத்தை குறைவாகவும் இருக்கும் அளவு லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் என்று அமெரிக்க அரசின் பல் மருத்துவ ஆய்வாளர் டிரெண்ட்லி டீன் பல நகரங்களை ஒப்பிட்டுக் கணக்கிட்டார். 1945 ஜனவரியில் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் உலகிலேயே முதன்முதலாகக் குடிநீரில் புளோரைடு சேர்த்தது. வெப்ப நாடுகளில் மக்கள் அதிகத் தண்ணீர் குடிப்பார்கள் என்பதால் அங்கெல்லாம் அளவைக் குறைத்தார்கள். தென்னாப்பிரிக்க விதியில் 0.7 என்று இருப்பதற்கும் அதுவே காரணம். அமெரிக்காவும் 2015இல் அதே 0.7க்கு இறங்கியது.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து உறவினர்களின் பல் பழுப்பாக இருப்பதும் இதே புளோரைடாலா?

ஆம், இதே பொருள்தான், அளவுதான் வேறு. நம் முன்னோர்கள் வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் பக்கங்களிலிருந்து கப்பலேறியவர்கள். வேர்களைத் தேடி ஊருக்குப் போய் வந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். நான் போயிருந்தபோது எனக்குச் சோறு பரிமாறிய பெரியம்மாவின் முன்பற்களில், கிடைமட்டமாக, பென்சிலால் கோடிழுத்ததுபோல் பழுப்பு வரிகள் ஓடின. அவர் வெற்றிலை போடுபவர் என்று நினைத்துக்கொண்டேன். இல்லையாம். சிறுவயதில் குடித்த கிணற்றுத் தண்ணீர் என்றார்.

அந்தப் பகுதியின் பாறைகளில் புளோரைடுக் கனிமங்கள் உள்ளதால் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது பாதுகாப்பான அளவைத் தாண்டிவிடுகிறது. எனாமல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அளவு மீறி உடலுக்குள் போனால் பல்லில் வெள்ளைத் திட்டு, பிறகு பழுப்பு, கடுமையானால் குழி. இதைவிடவும் மிக அதிகமாகப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்புகளும் மூட்டுகளும் விறைத்து முதுகு வளைந்துபோகும். இந்த எலும்பு நோயைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்புகளில் ஒன்று 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்துதான் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே "புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு" என்பது உள்ளது; புளோரோசிஸ் என்பது புளோரைடு மிகுதியால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் இந்தப் பாதிப்புதான். ஒரு நாட்டில் பணம் செலவழித்துச் சேர்ப்பதை இன்னொரு நாட்டில் பணம் செலவழித்துத் தவிர்க்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டா?

உண்டு. உலகிலேயே பெரிய அளவில் புளோர்ஸ்பார் என்ற புளோரைடுக் கனிமம் உள்ள நாடுகளில் இது ஒன்று. வடமேற்கு மாகாணத்தின் பிலானெஸ்பர்க் எரிமலைப் பாறைப் பகுதி, வட கேப் மாகாணம், லிம்போபோவின் சில பகுதிகள் ஆகியவற்றில் ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் புளோரைடு மிகுந்திருப்பதும், பிள்ளைகளின் பல் கறைபடுவதும் நெடுநாளாகப் பதிவான செய்திகள். நம் நாட்டுக் குடிநீர்த் தர நிர்ணயமான சான்ஸ் 241 லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை மேல் எல்லையாக வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் அதுவே.

இந்தக் கேள்வியை நம் வாட்ஸ்அப் குழுக்களில் யாரும் கேட்பதில்லை என்பது என் மனக்குறை. அமெரிக்கக்காரர்களின் சண்டையை அப்படியே இறக்குமதி செய்து "வேண்டும்", "வேண்டாம்" என்று இரண்டு அணியாகப் பிரிந்துகொள்கிறோம். டர்பனில் புளோரைடு பல்லுக்கு உதவாத அளவுக்குக் குறைவு. பிலானெஸ்பர்க்கின் சில கிராமங்களில் பல்லைக் கெடுக்கும் அளவுக்கு மிகுதி. இரண்டுக்கும் ஒரே விடை இருக்க முடியாது. மிகுதியான இடத்தில் குறைக்க வேண்டியது கட்டாயம் என்பதில் எந்த அறிஞருக்கும் கருத்து வேறுபாடு இல்லை; ஆனாலும் அதைப் பற்றிய கூச்சல்தான் குறைவு.

குழந்தைகளின் அறிவுத்திறன் குறையும் என்கிறார்களே, உண்மையா?

இதற்கு அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீரைக் குடித்த குழந்தைகளிடம் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருப்பதோடு தொடர்பு காணப்படுகிறது என்றும், அந்த முடிவில் தங்களுக்கு நடுத்தர அளவு நம்பிக்கை உள்ளது என்றும் அது சொன்னது. 0.7 என்ற அளவில் அப்படிப் பாதிப்பு உண்டா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் முதல் பாதி மட்டும் இருக்கும்.

அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சீனா, இந்தியா போன்ற நாடுகளில், இயற்கையாகவே புளோரைடு மிகுந்த ஊர்களில் நடந்தவை. அத்தகைய ஊர்களில் வறுமை, சத்துக்குறைவு, தண்ணீரில் ஆர்சனிக் என்று வேறு பல காரணங்களும் கலந்திருக்கலாம்; அவற்றைப் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. 2024 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி எட்வர்ட் சென், 0.7 அளவிலும் ஆபத்துக்கு இடமிருக்கிறது என்று கருதி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். தீங்கு உறுதியாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. நச்சுப் பொருள்களுக்கான சட்டத்தின் கீழ், மக்கள் உடலுக்குள் போகும் என்று எதிர்பார்க்கப்படும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி போதவில்லை என்பதே வாதம். 0.7க்கும் 1.5க்கும் இடையே இரண்டு மடங்கு வித்தியாசம்தான் என்பதை யாரும் மறுக்க முடியாது. இந்த இடைவெளி எனக்கும் உறுத்துகிறது. "முழுக்கப் பாதுகாப்பு, பேச்சே வேண்டாம்" என்று முன்பு சொன்னவர்களின் குரலில் இப்போது பேச எனக்கு மனம் இல்லை.

சேர்த்தால் பலன் எவ்வளவு?

ஒரு காலத்தில் பலன் பெரிது, இப்போது சிறிது. பற்பசையில் புளோரைடு பரவலாவதற்கு முன், 1975க்கு முற்பட்ட ஆய்வுகளில், சொத்தை வெகுவாகக் குறைந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்ட மதிப்பாய்வு, 1975க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்குச் சராசரியாகக் கால் பல் அளவுக்குத்தான் சொத்தை குறைகிறது என்றும், அதுவும் உறுதியில்லை என்றும் கணக்கிட்டது.

நிறுத்திய ஊர்களின் அனுபவமும் ஒன்றுபோல் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் 1962இல் தொடங்கி 2003இல் நிறுத்தியது. அந்த நாட்டில் உப்பிலேயே புளோரைடு கலந்து விற்கிறார்கள். கனடாவின் கால்கரி 2011இல் நிறுத்தியது. தொடர்ந்து சேர்த்துவந்த எட்மன்டனைவிடக் கால்கரிப் பிள்ளைகளுக்குச் சொத்தை அதிகம் என்று ஆய்வுகள் வந்தன. 2021இல் மக்கள் வாக்களித்து, 2025இல் மீண்டும் தொடங்கினார்கள். நம் சிங்கப்பூர்த் தமிழர்கள் 1950களின் பிற்பகுதியிலிருந்து புளோரைடு சேர்த்த நீரைத்தான் குடித்து வருகிறார்கள் என்பதைக் கேட்டால் இங்கே பலர் வியக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு இதைப் பொருத்திப் பார்க்கும்போது கவனம் தேவை. 1999 முதல் 2002 வரை நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. பற்பசை எல்லா வீட்டிலும் இருக்கிறது, பல் மருத்துவரும் பக்கத்தில் இருக்கிறார் என்ற ஐரோப்பிய நிலையை வைத்து இங்கே பலனைக் கணிப்பது தவறாகப் போகலாம்.

என் உடலுக்குள் எது போக வேண்டும் என்று நகராட்சி எப்படி முடிவு செய்யலாம்?

எதிர்ப்பாளர்களின் வாதங்களில் எனக்கு மிக வலுவாகத் தோன்றுவது இதுதான். குளோரின் தண்ணீரைச் சுத்தமாக்கச் சேர்க்கப்படுகிறது; புளோரைடு மனிதரின் பல்லுக்காகச் சேர்க்கப்படுகிறது. நம் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் உடல்மீது கட்டுப்பாடு உண்டு என்கிறது; 27ஆம் பிரிவு போதிய நீர் பெறும் உரிமையைத் தருகிறது. பணம் உள்ளவர் வேண்டாமென்றால் போத்தல் தண்ணீர் வாங்கிக்கொள்வார். ஒற்றைக் குழாயை நம்பியிருப்பவர் என்ன செய்வார்? நெதர்லாந்தில் 1973இல் உச்ச நீதிமன்றம் இதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பளித்ததும் அங்கே எல்லாம் நின்றுபோனது. அயர்லாந்திலோ 1960ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கி, இன்றுவரை நடந்துவருகிறது. சேர்க்கச் சொல்பவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு: பல் வலியால் இரவெல்லாம் அழுது பள்ளிக்குப் போகாத ஏழைப் பிள்ளைக்கு யார் உரிமை வாங்கித் தருவது?

உரத் தொழிற்சாலைக் கழிவைத்தான் ஊற்றுகிறார்களாமே?

பல நாடுகளில் பயன்படும் புளோரோசிலிசிக் அமிலம் பாஸ்பேட் உரத் தயாரிப்பில் கிடைக்கும் துணைப்பொருள் என்பது உண்மை. நீரில் கலந்ததும் அதுவும் பாறையிலிருந்து வரும் அதே புளோரைடு அயனியைத்தான் தருகிறது. கேட்க வேண்டியது எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதில் ஆர்சனிக், ஈயம் போன்றவை எவ்வளவு, யார் சோதிக்கிறார்கள் என்பதையே.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு போய்விடுமா?

போகாது, நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சுவதில் செறிவு கூடும். மேசைமேல் வைக்கும் கரி வடிகட்டிக் குவளைகளும் உதவாது. எதிர்ச் சவ்வூடுபரவல் கருவி (ஆர்.ஓ.) நீக்கும். விலை அதிகம், தண்ணீரும் வீணாகும். டர்பன் குழாய் நீருக்கு இது எதுவும் தேவையே இல்லை.

தேநீரிலும் புளோரைடு உண்டா?

நிறையவே. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். முற்றிய இலையில் இன்னும் அதிகம். கடுங்கறுப்பாக ஒரு குவளை தேநீர் குடித்தால், டர்பன் குழாய் நீர் ஒரு நாள் முழுவதும் தருவதைவிட அதிகம் கிடைக்கலாம். இங்கே தேநீர்போல் குடிக்கும் ரூயிபோஸ் வேறு செடி. அதில் மிகக் குறைவு. நம் வீடுகளில் ஆயாமார் கெட்டிலில் காலையில் போட்டதை மாலைவரை சுடவைத்துச் சுடவைத்து, ஒரு குவளைக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பார்கள். அதில் பல்லுக்கு நன்மை செய்வது தேயிலை, கெடுப்பது சர்க்கரை. பெரும்பாலும் சர்க்கரைதான் ஜெயிக்கிறது. கரும்பு வெட்ட 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் நாம் என்பதால் இதை வேறு யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சர்க்கரை கலந்த பானங்கள்மீது அரசு 2018 ஏப்ரலில் விதித்த வரி, புளோரைடு விதியைப்போல் அரசிதழோடு நின்றுவிடாமல் நடைமுறைக்கும் வந்தது.

பிள்ளைக்கு எவ்வளவு பற்பசை வைக்க வேண்டும்?

மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு. மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் தூரிகை நீளத்துக்கு நெளிநெளியாகப் பிதுக்க வேண்டியதே இல்லை. 1450 (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு புளோரைடு) என்று டியூபில் அச்சிட்ட பற்பசையின் ஒரு பட்டாணி அளவை முழுவதும் விழுங்கினால், 0.7 அளவில் புளோரைடு சேர்த்த அரை லிட்டர் தண்ணீரில் உள்ள அளவு உள்ளே போகும். எனவே துப்பக் கற்றுக்கொடுங்கள். துப்பிய பின் வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம், பல்லின்மேல் சிறிது தங்கியிருப்பதே பலன். இரவில் தேய்த்த பிறகு பால்புட்டியை வாயில் வைத்துத் தூங்க வைத்தால் தேய்த்தது வீண்.

கடைசியில் நீங்கள் எந்தப் பக்கம்?

2000இல் கேட்டிருந்தால் சேர்க்கலாம் என்றே சொல்லியிருப்பேன். இன்று டர்பனுக்கு அதை முதல் வேலையாகச் சொல்லமாட்டேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மக்கள் பல மாதங்கள் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். தண்ணீரே ஒழுங்காக வராத குழாயில் ஒரு பொருளை நாள்தோறும் மிகச் சரியான அளவில் கலப்போம் என்று சொல்வதை நான் நம்பத் தயாராக இல்லை. அளவு என்பது எவ்வளவு நுண்மையானது என்று பாருங்கள்: 5000 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி நிறைய நீருக்கு 0.7 வீதம் சேர்த்தால், மொத்தப் புளோரைடு 3.5 கிராம், ஒரு தேக்கரண்டி உப்பின் எடைகூட இல்லை. அதே பணத்தில் பள்ளிகளில் பற்பசையும் தூரிகையும் கொடுத்து, மதிய உணவுக்குப் பின் ஆசிரியர் முன்னால் தேய்க்க வைத்தால், விருப்பமில்லாத வீட்டைக் கட்டாயப்படுத்தாமலே பலன் கிடைக்கும். குழாய் ஒழுங்காக ஓடும், ஆய்வகம் ஒழுங்காக இயங்கும் ஒரு நகரம் மக்களைக் கேட்டுச் சேர்க்க முடிவெடுத்தால் அதை எதிர்த்துக் கொடிபிடிக்கவும் மாட்டேன்.

எங்கள் வீட்டுத் தண்ணீரில் எவ்வளவு உள்ளது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழாய் நீர் என்றால் நீர் வழங்குநரின் தர அறிக்கையைக் கேட்டு வாங்கி, "புளோரைடு" என்ற வரிசையில் உள்ள எண்ணைப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு நம் பகுதிகளில் பலர் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். அவர்கள்தான் கட்டாயம் சோதிக்க வேண்டும். பம்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் போத்தலை அதே நீரால் மும்முறை அலசி, நிறையப் பிடித்து மூடுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம், புளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். ஆய்வகத்தில் ஒரு கரைசலைச் சமபங்கு சேர்த்துக் கலக்கி, பேனா போன்ற மின்முனையை உள்ளே தோய்ப்பார்கள். திரையில் எண் ஓடி நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். 1.5க்கு மேல் நின்றால் அந்த நீரைச் செடிக்கு விடுங்கள், சமையலுக்கும் குடிக்கவும் குழாய் நீரையே பிடியுங்கள்.